பர்மியத் தொனிக்குச் சுருதிக் கோடு மட்டும் போதாது

வணக்கம். தொனி (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) உள்ள பர்மிய, டோக்ரி மொழிகளின் ஒலிப்பதிவுகளைப் பிராட் (Praat) என்ற பேச்சொலி ஆய்வு மென்பொருளில் ஒரே மாதிரி அளந்தால், பர்மியத்தில் மட்டும் சுருதிக் கோடு (குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கோடு) நடுவே அறுந்துபோவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். பதிவில் கோளாறு இருக்கவேண்டியதில்லை. பர்மியக் கரகரப்புத் தொனியில் குரல்நாண்கள் இறுகி ஒழுங்கில்லாமல் அதிரும். மென்பொருளுக்குச் சுருதி பிடிபடாது. அடைப்புத் தொனியோ குரல்வளை அடைப்பில் சட்டென்று முடியும். இவற்றுக்கு உயிரின் நீளத்தையும் அலைவடிவத்தையும் பாருங்கள். எழுத்தும் உதவும்: அடியில் ஒற்றைப் புள்ளி என்றால் கரகரப்பு, பக்கத்தில் இரட்டைப் புள்ளி என்றால் உயர்தொனி. புள்ளியே இல்லாவிட்டால் தாழ்தொனி என்று முடிவுகட்டிவிடாதீர்கள், சில உயிர்க்குறிகளுக்குள்ளேயே தொனி அடங்கியிருக்கிறது.

டோக்ரிக்குப் பெரும்பாலும் சுருதிக் கோடே போதும். ஆண்குரலுக்கு 75–300, பெண்குரலுக்கு 100–500 ஹெர்ட்ஸ் என்று சுருதி வரம்பு வையுங்கள். அங்கே ஏமாற்றுவது எழுத்துதான். 'குதிரை'க்கான சொல்லைத் தேவநாகரியில் க-வர்க்கத்தின் நான்காம் எழுத்தில் (घ) தொடங்குவார்கள். பேச்சில் அது அந்த வர்க்கத்தின் முதலெழுத்தின் (क) ஒலியாகி, தாழ்தொனியோடு 'கோடா' என்று வரும். சமதொனியில் அதே 'கோடா' சவுக்கு. நான்காம் எழுத்து சொல்லின் இடையிலோ கடைசியிலோ வந்தால் பெரும்பாலும் முந்தைய உயிரில் உயர்தொனி ஏறும். பஞ்சாபி தெரிந்தவர்களுக்கு இது பழகிய கணக்கு.

பர்மியம் சீன-திபெத்திய மொழிக்குடும்பம், டோக்ரி இந்தோ-ஆரியம். தொனிகள் தனித்தனியே முளைத்தவை. அதனால் அளவுகளைக் குறிக்க இரண்டு மொழிக்கும் ஒரே அட்டவணை வைப்பதைக் கைவிடுங்கள். பர்மியத்துக்கு நீளம், குரல்தன்மை, இறுதி அடைப்பு என்று மூன்று பத்திகளைக் கூடுதலாகச் சேருங்கள். டோக்ரியில் எழுத்துக்கூட்டலுக்கு ஒரு பத்தி, கேட்ட ஒலிக்கு ஒரு பத்தி.