பழைய ஜீன்ஸை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?

வீட்டில் ஐந்தாறு பழைய ஜீன்ஸ் பேண்ட் கிடக்கின்றன, தூக்கிப் போட மனம் வரவில்லை, தையல் மிஷின் சுமாராக ஓட்டத் தெரியும், கைவேலையாக என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலமான துணி எங்கே தேவையோ அந்தப் பொருளைச் செய்யுங்கள் என்பதுதான் என் பதில். கடைக்குக் கொண்டுபோகும் பை, அடுப்படிக் கரித்துணி, பாத்திரம் வைக்கும் பிரிமணை, தரையில் விரிக்கும் விரிப்பு. வீடியோக்களில் ஜீன்ஸ் துணியால் பூ, கம்மல், போட்டோ ஃப்ரேம் எல்லாம் செய்து காட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இன்னும் பத்து வருஷம் பாரம் சுமக்கக்கூடிய துணியைத் தூசி படியும் பொருளாக மாற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை.

கத்திரியை எடுக்கும் முன் பேண்ட்டின் உள்தையலில் இருக்கும் சின்ன லேபிளைப் பாருங்கள். நூறு சதவீதம் காட்டன் என்றிருந்தால் அது தங்கம், தனியாக எடுத்து வையுங்கள். எலாஸ்டேன், ஸ்பாண்டெக்ஸ், லைக்ரா என்று ஒன்றிரண்டு சதவீதம் போட்டிருந்தால் அது இழுபடும் ஜீன்ஸ். இப்போது கடைகளில் கிடைக்கும் பேண்ட்களில் நிறைய இந்த ரகம்தான். எழுத்து அழிந்துபோயிருந்தால் துணியை அகலவாட்டில் இழுத்துப் பாருங்கள். விரிந்து, விட்டதும் சுருங்கினால் இழுபடும் ரகம். இந்த இரண்டையும் ஒரே பொருளில் சேர்த்துத் தைக்காதீர்கள். ஒன்று இழுபடும், மற்றது இழுபடாது. சில துவைப்பிலேயே தையல் சுருங்கிக் கோணிக்கொள்ளும்.

துணியின் நெசவைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் எங்கே வெட்டுவது, எப்படி ஒட்டுப் போடுவது என்பது தானாகப் புரியும். ஜீன்ஸில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. ஒவ்வொரு பாவு நூலும் பெரும்பாலும் மூன்று ஊடைக்கு மேலே ஓடி ஒன்றுக்குக் கீழே இறங்கும். அதனால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளிறியும் இருக்கிறது. துணியைப் புரட்டிப் போட்டுத் தைத்தாலே இரண்டாவது நிறம் இலவசமாகக் கிடைத்துவிடும். இந்த அவுரி நீலம் நூலின் மேற்பரப்பில்தான் நிற்கும், நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். தேயத் தேய வெளுப்பது இதனால்தான். பின்பாக்கெட்டைப் பிரித்து எடுத்தால் கீழே பாக்கெட் வடிவத்திலேயே அடர்நீலத் திட்டு ஒன்று இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை வீணாக்காதீர்கள். பையின் முன்பக்கம் அந்தத் திட்டு வரும்படி வெட்டினால் வேறு அலங்காரமே வேண்டாம். ஆனால் அந்த இடத்தில் சாயம் இன்னும் முழுசாக இருக்கும். தைத்த பிறகு தனியாக ஒருமுறை துவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளை வேட்டியிலோ சட்டையிலோ நீலம் ஒட்டும்.

மிஷின் விஷயம். காலால் மிதிக்கும் பழைய கறுப்பு மிஷின் உங்களிடம் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர். இரும்பு உடம்பு, தடித்த துணியைத் தயங்காமல் இழுக்கும். ஊசி 16-ஆம் நம்பர் போடுங்கள். நாலைந்து மடிப்பு சேரும் இடமென்றால் 18. ரவிக்கை தைக்கிற மெல்லிய ஊசியைப் போட்டால் முறிந்து தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. தையலின் நீளத்தை மூன்று, மூன்றரை மில்லிமீட்டருக்குக் கூட்டுங்கள். மேலே தடித்த நூல் போட்டாலும் பாபினில் சாதாரண பாலியஸ்டர் நூலே போதும். பேண்ட்டின் பக்கத் தையல் குறுக்கிடும் இடத்தில் மேடு தட்டும். தைக்கும் முன் அந்த மேட்டைத் தரையில் வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் அடங்கிவிடும். மிஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் கால் அந்த மேட்டில் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொண்டு நூல் அறுபடும். அப்போது ஒரு ஜீன்ஸ் துண்டை மேட்டின் உயரத்துக்கு மடித்துக் காலின் பின்பக்கம் அடியில் செருகுங்கள். கால் மட்டமாக நிற்கும், கையால் சக்கரத்தை மெதுவாகச் சுற்றித் தாண்டிவிடலாம்.

முதலில் பை தையுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' என்று இயக்கம் தொடங்கியது. மஞ்சப்பை நல்லதுதான். ஆனால் நாலு தேங்காயும் மூன்று கிலோ வெங்காயமும் போட்டுத் தூக்கினால் சில மாதங்களில் அதன் காது பிய்ந்துவிடும். ஜீன்ஸ் பைக்கு அந்தக் கவலை இல்லை. பேண்ட்டின் தொடைப்பகுதியைக் கவட்டுக்குக் கொஞ்சம் கீழே குறுக்காக வெட்டி, அங்கிருந்து 17 அங்குலம் விட்டு இன்னொரு வெட்டு. கையில் இருப்பது ஒரு குழாய், இரண்டு பக்கமும் ஆலையே பலமாகத் தைத்துக் கொடுத்த தையல். அகலமான முனையை வாயாக வைத்துக்கொள்ளுங்கள். உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, குறுகிய முனையை அரை அங்குலம் விட்டு இரண்டு வரிசை தைத்து மூடுங்கள். இப்போது அடிமூலை ஒவ்வொன்றையும் முக்கோணமாக இழுத்துப் பிடித்து, பக்கத் தையலும் அடித்தையலும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி வைத்து, நுனியிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளிக் குறுக்கே தையுங்கள். திருப்பினால் பை தட்டையான அடியோடு நிற்கும். வாயை ஒன்றரை அங்குலம் உள்ளே மடித்துச் சுற்றித் தைத்தால் முக்கால் வேலை முடிந்தது.

காதுதான் பையின் உயிர். இன்னொரு காலிலிருந்து நீளவாட்டில், அதாவது பாவு ஓடும் திசையில், 4 அங்குல அகலத்துக்கு இரண்டு பட்டை வெட்டுங்கள். கையில் பிடிக்க 18 அங்குலம், தோளில் மாட்ட 26 அங்குலம் நீளம் வேண்டும். பாவு திசையில் வெட்டினால் பாரத்துக்கு அதிகம் இழுபடாது. இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி ஒரு மடிப்பு மடித்தால் ஓர் அங்குலப் பட்டை. இரண்டு ஓரமும் தையல் ஓட்டுங்கள். பையின் வாய்க்குக் கீழே இரண்டு அங்குலம் இறக்கி வைத்து, சதுரமாகச் சுற்றித் தைத்து நடுவில் பெருக்கல் குறி போடுங்கள். வெறும் ஒற்றை வரிசைத் தையலில் காதைத் தொங்கவிடுவதால்தான் நிறையப் பைகள் பிய்கின்றன. இடுப்புப் பட்டையையே காதாக வைக்கலாம் என்று சொல்வார்கள். 32 அங்குல இடுப்பை இரண்டாக்கினால் 16 அங்குலம், கைப்பிடிக்குக் கொஞ்சம் குட்டை. ஒரே பட்டையாகத் தோள்பைக்கு வைத்தால் சரியாக இருக்கும்.

கணுக்கால் பக்கம் மிஞ்சுகிறதே, அது தண்ணீர் பாட்டில் உறைக்கு அளவெடுத்த மாதிரி அமையும். கீழே ஏற்கெனவே மடித்துத் தைத்த விளிம்பு இருக்கிறது அல்லவா, அதை வாயாக வைத்து வெட்டுமுனையை மூடித் தைத்துவிடுங்கள். விளிம்பு மடிப்பின் உள்பக்கத்தில் நாலு தையலைப் பிரித்தால் நாடா நுழையும் வழி தயார். ஊக்கில் மெல்லிய நாடாவைக் கோர்த்து ஓட்டினால் சுருக்குப்பை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு இதைவிட லேசாகச் செய்யக்கூடிய பொருள் வேறு கிடையாது.

பேண்ட்டின் மேல்பகுதியை, அதாவது இடுப்போடு கவடு வரை வெட்டி, அடியை மூடித் தைக்கும் பை இணையத்தில் பிரபலம். எனக்கு அது பிடிக்கவில்லை. கவட்டுத் தையல் வளைவாக ஓடுவதால் அடி கோணலாக உப்பும், சாமான் போட்டால் ஒரு பக்கம் சாயும். அந்தப் பகுதியின் சிறப்பே பாக்கெட்தான். அமெரிக்காவின் ரெனோ ஊரில் தையல்காரராக இருந்த ஜேக்கப் டேவிஸ், வேலைக்காரர்களின் பேண்ட் பாக்கெட் ஓயாமல் கிழிவதைப் பார்த்துத்தான் மூலையில் செம்பு ஆணி அடித்தார். அவரும் சான் பிரான்சிஸ்கோ துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து 1873 மே 20-ல் காப்புரிமை வாங்கினார்கள். இவ்வளவு யோசித்துப் பலப்படுத்திய பாக்கெட்டைப் பிரித்து எடுக்கவே வேண்டாம். பாக்கெட்டைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டு, அடித்துணியோடு சேர்த்து வெட்டி எடுங்கள். நாலைந்து பேண்ட்டின் பாக்கெட்களை ஒரு நீளத் துணியில் வரிசையாகத் தைத்துச் சுவரில் மாட்டினால் கத்திரி, நூல்கண்டு, டேப், கரண்ட் பில், மாத்திரைச் சீட்டு எல்லாம் கைக்கு எட்டும். செம்பு ஆணி மீது மட்டும் ஊசி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுப்படிக்கு வருவோம். கரித்துணிக்கு முழுக் காட்டன் ஜீன்ஸ்தான் வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இழுபடும் ரகத்தில் இருக்கும் செயற்கை இழை சூட்டுக்கு ஆகாது. 8 அங்குலச் சதுரம் இரண்டு, நடுவில் பழைய காட்டன் துண்டு இரண்டு மடிப்பு, சுற்றித் தைத்து நடுவில் குறுக்கும் நெடுக்குமாக நாலு கோடு. குக்கரை, தோசைக்கல்லைத் தைரியமாகப் பிடிக்கலாம். ஈரமாக இருக்கும்போது மட்டும் பிடிக்கக் கூடாது, ஈரத்துணி சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்திவிடும். அதனால் இரண்டு தைத்து வையுங்கள், ஒன்று காயும்போது மற்றது.

கால்களை வெட்டும்போது ஓரத்தில் கெட்டியான தையல் வரிகள் நீளநீளமாக மிஞ்சும். பலர் குப்பையில் போடுகிற இவைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மூன்றைச் சேர்த்துச் சடை பின்னி, பின்னலை வட்டமாகச் சுற்றிக்கொண்டே கோணி ஊசியால் அடியில் தைத்துக்கொண்டு போனால் அருமையான பிரிமணை. நடுவில் குழி விட்டுச் சுற்றினால் மண்சட்டி ஆடாமல் உட்காரும். இதற்கு மிஷினே வேண்டாம், கரண்ட் இல்லாத மாலையில் பேசிக்கொண்டே பின்னி முடிக்கலாம். இதற்கும் காட்டன் ரகத்தின் தையல்வரிகளையே எடுங்கள்.

சதுரங்களை இணைத்துப் படுக்கை விரிப்போ போர்வையோ தைக்க ஆசை வரும். எடையை யோசித்துக்கொள்ளுங்கள். நல்ல ஜீன்ஸ் துணி ஒரு சதுர மீட்டருக்கு 400 கிராம் அளவுக்கு இருக்கும். ஒன்றரைக்கு இரண்டு மீட்டர் விரிப்பு ஒற்றை மடிப்பிலேயே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். தையல் மடிப்பும் அடித்துணியும் சேர்ந்தால் நனைந்த பிறகு பிழிய இரண்டு பேர் வேண்டும், ஐப்பசி மழையில் காயவும் காயாது. நம் ஊர் வெக்கைக்குப் போர்வையாகவும் ஒத்துவராது. அதே வேலையைச் சின்னதாக, மூன்றடிக்கு இரண்டடி விரிப்பாகச் செய்யுங்கள். தரையில் உட்கார, பாட்டி காய் நறுக்க, வண்டி சீட்டில் போட என்று வருஷக்கணக்கில் உழைக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்று. உங்கள் ஐந்தாறில் ஒன்றிரண்டு இன்னும் போட்டுக்கொள்ளக் கூடியதாகவே இருக்கலாம். முழங்காலில் மட்டும் கிழிந்ததை வெட்டாதீர்கள். அந்தக் கிழிசலை உற்றுப் பாருங்கள், குறுக்கே வெள்ளை நூல்கள் மட்டும் நிற்கும். மேலே ஓடும் நீலப் பாவு உரசலில் முதலில் தேய்ந்துபோய், ஊடை மிஞ்சியிருக்கிறது. உள்பக்கம் ஒரு ஒட்டுத்துணியை, பாவின்மேல் பாவு வரும்படி வைத்து, கிழிசலைத் தாண்டி நல்ல துணியில் ஓர் அங்குலமாவது போகும்படி நெருக்கமாக ஓட்டத்தையல் போடுங்கள். ஜப்பானின் முக்கியத் தீவான ஹொன்ஷூவின் வடகோடியில் அவோமோரி பக்கம் குளிரில் பருத்தி விளையாது. அங்கே ஏழை விவசாயக் குடும்பங்கள் கந்தல் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இப்படித்தான் தைத்துத் தைத்துத் தலைமுறைகளாக உடுத்தினார்கள். போரோ என்று பெயர். தனாகா சூசாபுரோ என்பவர் வீடு வீடாகப் போய்ச் சேகரித்து வைத்ததால் அந்த ஒட்டுப்போட்ட துணிகளை இன்று உலகம் வியந்து பார்க்கிறது. ஒட்டு தெரியக் கூடாது என்று நினைக்காமல் வெள்ளை நூலிலேயே தைரியமாகப் போடுங்கள், நன்றாக இருக்கும்.

இழுபடும் ரகத்துக்கு என்ன வழி என்றால், அதைப் பிள்ளைகளுக்கு அரைக்கால் சட்டையாக வெட்டி மடித்துத் தைக்கலாம், சமையல் ஏப்ரன் தைக்கலாம், பைக்கு உள்பாக்கெட் வைக்கலாம். பாரம் தாங்கும் காதுக்கு மட்டும் எடுக்காதீர்கள்.

ஜிப்பையும் பித்தளைப் பட்டனையும் வெட்டி எடுத்து டப்பாவில் போட்டுவிடுங்கள், பர்ஸுக்கோ தலையணை உறைக்கோ உதவும். கடைசியில் மிஞ்சும் பொடித்துண்டுகளைத் தலையணைக்குள் அடைக்காதீர்கள், கட்டிகட்டியாகத் திரண்டு கழுத்து வலிக்கும். ஒரு கணுக்கால் துண்டில் இறுக்க அடைத்து இரண்டு முனையும் மூடினால் காற்றுக்குக் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கும் மூட்டை கிடைக்கும். கனம் போதவில்லை என்றால் நடுவில் ஒரு கவர் மணல் வைத்துத் தையுங்கள்.