கம்ப்யூட்டர் கேபினட் ஃபேன்: எத்தனை, எங்கே, எந்தப் பக்கம்?

அண்ணா, என் கேபினட்டில் ஆறு ஃபேன் மாட்ட இடம் இருக்கிறது. வாங்கும்போது பின்பக்கம் ஒன்றுதான் வந்தது. மீதி ஐந்தையும் வாங்கிவிடவா?

வேண்டாம். 120 மி.மீ. ஃபேன் இரண்டை மட்டும் வாங்கி, காற்றை உள்ளே இழுக்கும்படி முன்பக்கம் மாட்டுங்கள். பின்னால் இருப்பது சூட்டை வெளியே தள்ளட்டும். ஒரு கிராஃபிக்ஸ் கார்டு உள்ள சாதாரண கேமிங் மெஷினுக்கு இந்த மூன்றே பெரும்பாலும் போதும்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். எப்போதும் ஆடும் கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை அதே நேரம் ஓட்டுங்கள். பத்து டிகிரி போலக் குறைந்தால் கேபினட்டுக்குள் காற்று போதவில்லை. ஓரிரண்டு டிகிரிதான் குறைகிறது என்றால் ஃபேன் வாங்கிப் பயனில்லை. பிராசஸர் கூலரையும், இரண்டுக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்ட்டையும் பாருங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். காற்று நுழையவே இடமில்லாத கேபினட்டில் எத்தனை ஃபேன் மாட்டினாலும் பெரிய மாற்றம் இருக்காது.

ஃபேனில் அம்புக்குறி எதுவும் இல்லை. காற்று எந்தப் பக்கம் வரும்?

மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ, அந்தப் பக்கம் காற்று வெளியே வரும். இப்போது அழகுக்காக இறக்கையைத் திருப்பி வைத்த ‘ரிவர்ஸ்’ ஃபேன்களும் விற்கிறார்கள். அவற்றில் இது நேர்மாறு. சந்தேகம் என்றால் ஓடும்போது ஒரு டிஷ்யூ பேப்பரை அருகில் காட்டுங்கள், தெரிந்துவிடும்.

சார், மேல்பக்கம் மூன்று ஃபேன் வெளியே தள்ளும்படி மாட்டினேன். பிராசஸர் சூடு குறையவில்லை, இரண்டு டிகிரி கூடியே விட்டது. ஏன்?

உங்களுடையது டவர் கூலர் (பிராசஸர் மேல் கோபுரம் போல நிற்பது) என்றால் காரணம் பெரும்பாலும் மேலே முன்பக்கம் இருக்கும் ஃபேன்தான். முன்னாலிருந்து வரும் குளிர்ந்த காற்று கூலரை எட்டுவதற்குள்ளேயே அது மேலே உறிஞ்சிவிடுகிறது. அதைக் கழற்றிவிட்டு, பின்பக்கம் ஒட்டிய ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள். ‘சூடான காற்று மேலே போகும், அதனால் மேலே ஃபேன் கட்டாயம்’ என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். கேபினட் அளவில் அந்த இயற்கை ஓட்டம் மிக மெல்லியது. சிறிய ஃபேன் ஒன்றே அதைத் திருப்பிவிடும். காற்று எந்த வழியாக வந்து எதைத் தொட்டுவிட்டுப் போகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் வீடு மெயின் ரோட்டில். மாதம் ஒருமுறை திறந்தால் உள்ளே தூசி மண்டிக் கிடக்கிறது.

உள்ளே வரும் காற்று வெளியே போவதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். அப்போது கேபினட்டின் இண்டு இடுக்குகளில் காற்று வெளியேறத்தான் செய்யும், தூசியை இழுத்துக்கொண்டு உள்ளே வராது. ஆனால் உள்ளே இழுக்கும் எல்லா ஃபேனுக்கும் வலை ஃபில்டர் வேண்டும். ஃபில்டரே காற்றைக் கொஞ்சம் தடுக்கும் என்பதால், சம எண்ணிக்கையில் மாட்டினால் கணக்கு மாறிவிடும். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என்று வைத்தால் கவலையில்லை. ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும்.

பிராசஸரைத் திரவத்தால் குளிர்விக்கும் லிக்விட் கூலரில், அந்தத் திரவத்தின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரை முன்னால் வைப்பதா, மேலே வைப்பதா?

கேம்தான் முக்கியம் என்றால் மேலே. முன்னால் வைத்தால் பிராசஸருக்கு நல்லது, ஆனால் ரேடியேட்டரில் சூடான காற்றுதான் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகும். எங்கே வைத்தாலும் திரவத்தைச் சுற்றவிடும் பம்ப் இருக்கும் இடம் மொத்த அமைப்பிலேயே உயரமான இடமாகிவிடக் கூடாது. காற்றுக் குமிழி அங்கே போய்ச் சேரும். சத்தம் வரும், பம்ப்பும் சீக்கிரம் கெடும்.

அண்ணா, ஃபேன் சத்தம் நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி ஏறி இறங்குகிறது.

பிராசஸர் சூடு நொடியில் துள்ளும், ஃபேன் அதைத் துரத்துகிறது. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்ஸில்) ஃபேன் வேகம் மாறுவதற்கான தாமத நேரத்தைக் கூட்டி வையுங்கள். 70 டிகிரி வரை ஒரே மெதுவான வேகம் போதும். மூன்று முள் ஃபேன் என்றால் டிசி (வோல்டேஜை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறை), நான்கு முள் என்றால் பிடபிள்யூஎம் (தனி சிக்னலால் கட்டுப்படுத்தும் முறை) என்று பயாஸில் தேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

மே மாதம், ஏசி இல்லாத அறை. ஃபேன் கூட்டினால் சரியாகுமா?

அறைக் காற்றைவிடக் குளிராக்க எந்த ஃபேனாலும் முடியாது. அறை 28-லிருந்து 36 டிகிரி ஆனால் உள்ளே எல்லாமே கிட்டத்தட்ட எட்டு டிகிரி ஏறும். அதற்காகப் பயப்பட வேண்டாம், ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை டெஸ்க்டாப் பிராசஸர்களில் பெரும்பாலானவை 95 டிகிரி வரை ஓடும்படியே வடிவமைக்கப்பட்டவை. ஆனால் கம்ப்யூட்டர் டேபிளில் சிபியு வைக்கவென்று ஒரு மரப் பெட்டி இருக்குமே, அதற்குள் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுங்கள். பின்னால் தள்ளிய சூடான காற்றே சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நுழையும். பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

பவர் சப்ளை ஃபேன் மேலே பார்க்க வேண்டுமா, கீழேயா?

கேபினட்டின் அடியில் துளையும் ஃபில்டரும் இருந்தால் கீழே. துளையில்லாத தகடு என்றால் மேலே.