பணம் கொடுக்கும் வசதி இல்லாத முன்னாள் மாணவர், படித்த கல்லூரிக்கு என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். அரசுக் கலைக் கல்லூரி என்றால், நம் காசைவிட அங்கே அதிகம் தேவைப்படுவது சான்றிதழ், விண்ணப்ப வேலை தெரிந்த ஓர் ஆள்.

நான் படித்தது கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில், வரலாறு, தமிழ் வழி. 1964இல் தொடங்கிய கல்லூரி. பக்கத்திலேயே தேவனாம்பட்டினம் கடற்கரை; ஒரு பீரியட் ஃப்ரீ கிடைத்தால் எங்களை அங்கேதான் தேட வேண்டும். நெல்லிக்குப்பம், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி என்று பஸ் பாஸில் வந்து போகிற கூட்டம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்தான், வகுப்பில் முக்கால்வாசிப் பேர் கதையும் அதுதான்.

மூன்றாம் ஆண்டில் தானே புயல் வந்தது, 2011 டிசம்பர் 30. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. முந்திரிக் கன்று வைத்தால் காய்ப்புக்கு வரவே சில வருஷம் ஆகும். என் பெஞ்சுக்காரன் வீட்டில் அதுதான் வருமானம். படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர் போகிறேன் என்று கிளம்பிவிட்டான். எங்கள் துறையில் படித்துவிட்டு அரசு வேலையில் இருந்த ஓர் அண்ணன் கேள்விப்பட்டு வந்தார்.

"ஸ்காலர்ஷிப் போட்டியாடா?"

"வருமானச் சான்று இல்லண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு விஏஓ, ஆர்ஐ, தாலுகா ஆபீஸ் என்று சுற்றினார். தன் பையிலிருந்து ஒரு ரூபாய் கொடுத்ததாக நினைவில்லை. இவன் டிகிரியை முடித்தான்.

நான் இப்போது செய்வதும் அதே வேலைதான். புதுச்சேரியில் வேலை, லீவு கிடைக்கிற நாளில் துறைத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போய் உட்காருவேன். அதிகம் வருவது வங்கிக் கணக்குச் சிக்கல். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் உண்டு: பெண்களுக்குப் புதுமைப்பெண் 2022இலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இலும் தொடங்கின. "பணம் வரல சார்" என்று வருவார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பார்கள். ஆனால் அரசுப் பணம் நேரடியாக வருவதற்கு அந்தக் கணக்கோடு ஆதாரை இணைக்கச் சொல்லித் தனியாகக் கேட்டிருக்க மாட்டார்கள். சிலருக்கு இரண்டு கணக்கு இருக்கும். கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் பணம் போகும், பிள்ளை இன்னொரு பாஸ்புக்கைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டிருக்கும். மார்க்ஷீட்டில் ஓர் இனிஷியல், ஆதாரில் வேறு என்பது இன்னொரு தலைவலி.

அடுத்தது தமிழ் வழிச் சான்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010இலேயே சட்டமாகிவிட்டது. ஆனால் பள்ளியிலும் கல்லூரியிலும் சான்று வாங்கி வைக்க வேண்டும் என்று கடைசி ஆண்டு மாணவர்களுக்கே தெரிவதில்லை. குரூப் 4 தேர்வில் 200 கேள்வியில் 100 தமிழ்தான் என்று சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள். இங்கிலீஷுக்குப் பயந்தே விண்ணப்பிக்காத பிள்ளைகள் அவர்கள்.

மேடையில் ஏறிப் பேசச் சொல்வார்கள். பேசுங்கள், பொன்னாடையையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கீழே இறங்கி ஒரு பெஞ்சில் உட்காருங்கள். மேடையைப் பார்த்து எவரும் கேட்காத கேள்வியெல்லாம் அங்கேதான் வரும். இன்னொன்று, கல்லூரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் நாக் (NAAC) அமைப்பின் மதிப்பீடு வரும் சமயத்தில் முன்னாள் மாணவர் சங்கம் திடீரென்று கண் விழிப்பது பல கல்லூரிகளில் உள்ள வழக்கம், மதிப்பீட்டில் அதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. கேலி செய்யாதீர்கள். அந்த நேரத்தில் போனால் அறையும் நாற்காலியும் கேட்காமலே கிடைக்கும்.

சில விஷயங்களில் கறாராக இருங்கள். அசல் சான்றிதழைக் கையில் வாங்காதீர்கள், ஓடிபி கேட்காதீர்கள், யாருடைய ஆதாரையும் உங்கள் போனில் படம் பிடித்து வைக்காதீர்கள். துறை அறையில், ஆசிரியர் ஒருவர் இருக்கும்போது உட்காருவதுதான் எல்லோருக்கும் நல்லது.

போவதென்றால் முதலாண்டு சேர்க்கை முடிந்த கையோடு போங்கள். உதவித்தொகைக்குக் கடைசித் தேதி நெருங்கிய பிறகு போனால் இ-சேவை மையத்தில் கூட்டமாக இருக்கும், பாதிப் பேருக்குச் சான்றிதழ் வந்து சேராது.