அழுகைப் பாட்டுக்கு எதற்குக் கைத்தட்டல்?

வணக்கம் அக்கா,

இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸின் ‘பேக் டு பிளாக்’ ஆல்பத்தைப் போன மாதம்தான் முழுசாகக் கேட்டேன். காதல் முறிந்த துக்கத்தில் எழுதியது என்றார்கள். ஆனால் டிரம்ஸ், சாக்ஸபோன், கைத்தட்டல் என்று பாதிப் பாட்டுகள் எழுந்து ஆடச் சொல்கின்றன. மனசு உடைந்தவர் இப்படிப் பாடுவாரா? ‘எல்லாம் அறுபதுகளின் பழைய ஒலி, இதில் அவருடையது என்ன இருக்கு?’ என்று நண்பன் வேறு கேட்கிறான். அவர் இறந்துபோனதை நினைத்தால் இதை ரசிப்பதே தப்போ என்றும் தோன்றுகிறது.

ர., கோவை

அன்புள்ள ர.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. 2003-ல் வந்த முதல் ஆல்பமான ‘ஃப்ராங்க்’ ஜாஸ் பக்கம் சாய்ந்தது. அப்புறம் காதலர் தன் பழைய காதலியிடமே திரும்பிப் போய்விட, ஏமி அந்த நாட்களில் ஷாங்ரி-லாஸ் என்ற அறுபதுகளின் அமெரிக்கப் பெண் குழுவின் பாட்டுகளையே விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் பிடிக்காத ஒருவனைக் காதலித்து, அவனை இழந்து, தோழிகளிடம் சொல்லி அழும் பெண்களின் பாட்டுகள் அவை. 2006 அக்டோபரில் இரண்டாவது ஆல்பமான ‘பேக் டு பிளாக்’ வந்தபோது அந்த ஒலி அதில் இருந்தது. மார்க் ரான்சன் தயாரித்த பாட்டுகளுக்கு ப்ரூக்ளினின் டாப்-கிங்ஸ் குழு வாசித்தது.

ஆனால் பழைய ஒலியை வைத்து அவர் என்ன செய்தார் என்று பாருங்கள். ‘டியர்ஸ் டிரை ஆன் தேர் ஓன்’ முதலில் மெதுவான சோகப் பாட்டுதான். ஆல்பத்தின் இன்னொரு தயாரிப்பாளர் சலாம் ரெமி, 1967-ல் மார்வின் கேயும் டாமி டெரலும் பாடிய ‘ஏன்ட் நோ மவுண்டன் ஹை எனஃப்’ பாட்டின் இசையை அடியில் போட்டு அதை வேகமாக்கினார். எந்த மலையும் எந்த ஆறும் உன்னிடம் வருவதைத் தடுக்காது என்று இருவர் மாறி மாறி வாக்குக் கொடுக்கும் பாட்டு அது. அதே இசையில் இங்கே ஒரே ஒரு குரல், கண்ணீர் தானாகவே காய்ந்துவிடும் என்று பாடிக்கொண்டு போகிறது. இன்னொரு குரல் வர வேண்டிய இடத்தில் யாரும் வருவதில்லை. மெதுவாகவே விட்டிருந்தால் அந்த வெற்றிடம் நமக்குத் தெரிந்தே இருக்காது, அதனால் அந்தத் துள்ளலைத் துக்கத்துக்கு எதிரானதாக என்னால் நினைக்க முடியவில்லை.

இன்னொன்று, அவர் தன்னையும் விட்டுவைக்கவில்லை. ‘யூ நோ ஐம் நோ குட்’ பாட்டில் துரோகம் செய்து மாட்டிக்கொள்வது அவர்தான். பிரிவைப் பாடும்போது தன் பக்கத்துத் தப்பை இவ்வளவு வெளிப்படையாக வைத்தவர்கள் பாப் இசையில் ரொம்பக் குறைவு.

தலைப்புப் பாட்டில் ஒரு விஷயம் நடந்தது. ரான்சன் பியானோவில் போட்டுக் கொடுத்த மெட்டுக்கு ஏமி கொஞ்ச நேரத்திலேயே வரிகளை எழுதிவிட்டார். வார்த்தையளவில் மட்டும்தான் விடைபெற்றோம், நான் நூறு தடவை செத்தேன் என்று வருகிற இடத்தில் ஆங்கிலத்தில் இயைபு, அதாவது வரி முடிவுகளின் ஒலி ஒற்றுமை, அமையவில்லை. மாற்றலாமே என்று ரான்சன் கேட்டபோது ஏமிக்கு அது புரியவே இல்லை. அப்படித்தானே வந்தது, எதற்கு மாற்ற வேண்டும் என்று விட்டுவிட்டார். சாதாரணமாக, பாட்டு எழுதுகிறவர்கள் இயைபுக்காக உண்மையைக் கொஞ்சம் வளைப்பார்கள், நானும் வளைத்திருக்கிறேன். அவர் வளைக்கவில்லை. அந்த வரியில் காது எதிர்பார்த்தது கிடைக்காமல் தடுக்கி விழுகிறது, அந்தத் தடுக்கல்தான் எனக்குப் பிரிவு மாதிரியே இருக்கிறது.

ரசிப்பது தப்பா என்று கேட்டீர்கள். குடியை விடுவதற்கான சிகிச்சைக்குப் போக மறுத்த கதையை நியூயார்க் தெருவில் நடந்துகொண்டே ஏமி சொல்ல, இதைப் பாட்டாக்கலாமே என்று ரான்சன் சொன்னதில் பிறந்தது ‘ரீஹேப்’. 2011 ஜூலையில், 27 வயதில், மதுவால் அவர் இறந்த பிறகு அந்தப் பாட்டுக்கு மட்டும் என்னால் தாளம் போட முடிவதில்லை. ஆனால் இந்த ஆல்பத்தை அந்தச் சாவின் முன்னறிவிப்பாக மட்டும் கேட்டால் அவருடைய உழைப்பை நாம் பறித்துக்கொள்கிறோம். 23 வயதில், எதைச் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்து, 35 நிமிடத்தில் முடித்திருக்கிறார். துக்கம் பலருக்கும் வருகிறது, இந்தக் காது வருவதில்லை.

அடுத்த முறை நண்பரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். ‘பேக் டு பிளாக்’ பாட்டின் நடுவில் வாத்தியங்கள் அடங்கி, சாவுமணி மாதிரி ஒன்று ஒலிக்க, ‘பிளாக்’ என்ற ஒரே சொல்லை அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் இடம் வரும். அதுவரை இருவரும் பேசாமல் கேளுங்கள். அப்புறம் நண்பர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா