மொபைல் வொர்க்ஸ்டேஷன் லேப்டாப் ஏன் இவ்வளவு கனம்? மெலிசானதை வாங்கினால் வேகம் குறையுமா?

கட்டட வரைபடம், முப்பரிமாண மாடல், வீடியோ ரெண்டரிங் (இறுதிப் படத்தைக் கணினி கணக்கிட்டு உருவாக்குவது) போன்ற வேலைகளை மணிக்கணக்கில் தாங்குகிற லேப்டாப்தான் மொபைல் வொர்க்ஸ்டேஷன். 16 அங்குல மாடல்கள் சில 3 கிலோவைத் தொடும். சார்ஜர் கனம் தனி.

காரணம் சூடு. சிப் இழுக்கிற மின்சாரம் சூடாகத்தான் மாறும். அதை வெளியேற்றப் பெரிய ஃபேனும் செம்புக் குழாய்களும் வேண்டும். மெலிசான உடம்பில் அதற்கு இடமில்லை. சின்னப் பாத்திரத்தில் பால் பொங்காமலிருக்க அடுப்பைக் குறைப்போமே, அப்படி லேப்டாப்பும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் சில நிமிடம் பறக்கும், அப்புறம் தளரும்.

தினமும் சைட்டுக்குத் தூக்கிப் போகிறவர் 2 கிலோவுக்குள் பார்ப்பதே நல்லது. நீண்ட ரெண்டரை மேசைக் கணினியில் ஓட்டிக்கொள்ளலாம்.

கிராஃபிக்ஸ் சிப்பின் பெயர் ஒன்றானால் வேகமும் ஒன்று என்று நினைக்க வேண்டாம்: லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4090, மாடலைப் பொறுத்து 80 வாட்டிலும் ஓடும், 150 வாட்டிலும் ஓடும்.