பக்கத்துக் காம்பராவில் அடி விழும்போது

கேள்வி: எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஓர் அக்காவைக் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். மாதர் சங்கமாக நாங்கள் என்ன செய்யலாம்? (வாசகி, ஹட்டன்)

பதில்: லயத்தில் இரண்டு காம்பராக்களுக்கு (அறைகளுக்கு) நடுவே சுவர் ஒன்றுதான், சத்தம் எல்லோருக்கும் கேட்கும். "குடும்ப விசயம்" என்று வாய்மூடி இருப்பதுதான் அடிப்பவருக்குப் பலம். சத்தம் கேட்டதும் இரண்டு மூன்று பேராகப் போய்க் கதவைத் தட்டுங்கள். தனியாகப் போக வேண்டாம். கத்தி, மண்ணெண்ணெய் என்று போனால் உள்ளே நுழையாமல் உடனே பொலிஸ் அவசர இலக்கமான 119ஐ அழையுங்கள்.

அக்காவின் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம், மாற்றுடுப்பு அடங்கிய பை ஒன்றை இன்னொரு லயத்தில் வைத்திருங்கள். அவசரத்தில் ஓடுபவர்கள் விட்டுவிட்டுப் போவதும், பிறகு எடுப்பதற்காகவே திரும்பி வந்து மாட்டிக்கொள்வதும் இவற்றைத்தான்.

காயம் சிறிதானாலும் அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டி, எப்படி வந்தது என்று உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். "வழுக்கி விழுந்தேன்" என்று பதிந்தால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். பொலிஸில் சமாதானம் பேசி அனுப்பப் பார்ப்பார்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வராதீர்கள். விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வேண்டாம்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அடிப்பவரைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளையை அக்கா நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம்; அவர் சார்பில் பொலிஸாரும் விண்ணப்பிக்கலாம். முதலில் இடைக்காலக் கட்டளை, விசாரணைக்குப் பின் 12 மாதம் வரையான கட்டளை. மனரீதியான கொடுமையும் இதில் அடங்கும். ஆலோசனைக்குப் பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938.

முடிவு அக்காவுடையது. அவசரப்படுத்தாதீர்கள், கைவிடவும் வேண்டாம்.