கால் முட்டுத் தேய்மானமும் நெஞ்சளவுத் தண்ணீரும்

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது, 78 கிலோ எடை. இரண்டு கால் முட்டும் தேய்ந்திருப்பதாக எக்ஸ்ரேயில் வந்திருக்கிறது. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தண்ணீருக்குள் நடக்கப் பழகுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். நாங்கள் இருப்பது கல்லிடைக்குறிச்சி; கூப்பிடு தூரத்தில் ஆறு. அம்மாவும், "ஏட்டி, ஆத்துல நின்னா காலு வலியே தெரியல" என்கிறார். ஆற்றில் நடந்தால் போதுமா? குற்றாலத்தில் அருவிக்கு அடியில் நின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று மாமா சொல்கிறார். அம்மா பி.பி. மாத்திரை சாப்பிடுகிறார். நீச்சல் தெரியாது.

பதில்: அம்மா சொல்வது மனப்பிரமை இல்லை. கிணற்றில் குடத்தை இழுக்கும்போது தண்ணீருக்குள் இருக்கிறவரை லேசாக வரும், வெளியே வந்ததும் கையை இழுக்கும். முட்டுக்கும் அதே கணக்குதான். உடம்பு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடைக்குச் சமமாகக் கீழிருந்து தாங்கல் கிடைக்கிறது.

தாமிரபரணித் தண்ணீருக்குப் பொதிகை மூலிகைக் குணம் உண்டு என்று நம் பக்கம் சொல்வோம். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கு இல்லை. ஆனால் முட்டின் பாரத்தைக் குறைக்கிற வேலையில் ஆற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் ஒன்றேதான். பார்க்க வேண்டியது ஆழம், ஓட்டம், சூடு இந்த மூன்றையும்தான்.

முதலில் ஆழம். பெண்களை அசையாமல் நிற்கவைத்து அளந்த கணக்கு இது: இடுப்பெலும்பு வரை தண்ணீர் இருந்தால் கால் தாங்குவது உடல் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நெஞ்செலும்பின் கீழ்முனை வரை என்றால் 30 சதவீதத்துக்குள். கழுத்து வரை என்றால் 10 சதவீதத்துக்குள். அம்மாவின் 78 கிலோ, இடுப்பளவில் 37 கிலோ போலவும் நெஞ்சளவில் 22 கிலோ போலவும் ஆகிவிடுகிறது. நடக்கும்போது இது கூடும், வேகமாக நடந்தால் இன்னும் கூடும். ஆனாலும் தரையில் சாதாரணமாக நடக்கும்போதே உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை முட்டில் இறங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள், தண்ணீர் எவ்வளவு பெரிய சலுகை என்று தெரியும்.

அப்படியானால் கழுத்தளவு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். வேண்டாம். அங்கே பாதம் தரையில் பாவாது, நடையே வராது. இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் நாலாபக்கமும் அழுத்துவதால் காலில் தேங்கிய ரத்தம் மேலே ஏறுகிறது. கழுத்து வரை இறங்கினால் ஏறக்குறைய 700 மில்லி கூடுதல் ரத்தம் நெஞ்சுக்கு வந்து சேரும். நல்ல இதயம் சமாளித்துவிடும், பலவீனமான இதயம் திணறும். அதே அழுத்தம் அளவோடு இருந்தால் நன்மை. நாலடி ஆழத்தில் பாதத்தின் மேல் விழும் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம், பி.பி.யில் கீழே எழுதும் எண்ணைவிடச் சற்று அதிகம். கணுக்கால் வீக்கம் வடிவது இதனால்தான். தண்ணீரில் நின்றால் சிறுநீர் முட்டுவதும் இதனால்தான்; அதற்குப் பயந்து அம்மா தண்ணீர் குடிக்காமல் வரக்கூடாது.

தண்ணீர் தாங்குவதோடு எதிர்க்கவும் செய்கிறது. நடையின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு சுமார் நாலு மடங்காகும். மெதுவாகப் போனால் லேசான பயிற்சி, வேகமாகப் போனால் கடினமான பயிற்சி. வலித்தால் நின்றுவிடலாம், நின்ற கணமே சுமையும் நின்றுவிடும். ஜிம்மில் இரும்பு தூக்கும்போது இந்த வசதி கிடையாது.

இனி ஆற்றுக்கு வருகிறேன். தண்ணீரில் எடை பாதியானால், பாதம் தரையைப் பிடிக்கும் பிடியும் பாதியாகிறது. அசையாத தண்ணீரில் அது பரவாயில்லை. ஓடுகிற தண்ணீரில் ஒருபக்கம் பிடி குறைய, மறுபக்கம் ஓட்டம் தள்ளும். தேய்ந்த முட்டு சட்டென்று ஊன்றிச் சமாளிக்காது. அதோடு பாசி பிடித்த கல், மணல் அள்ளிய இடத்தில் திடீரென்று இறங்கும் கசம், பரிகாரம் என்று அவிழ்த்துவிட்ட துணி காலில் சுற்றிக்கொள்வது எல்லாம் இருக்கிறது. மேலே மழை பெய்தாலோ அணையில் தண்ணீர் திறந்தாலோ படித்துறையில் நிற்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஆற்றில் நடக்க வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஓட்டம் அடங்கிய கோடைக்காலத்தில் படித்துறையில் உட்கார்ந்து செய்யலாம். மேல்படியில் உட்கார்ந்து, பாதத்தை இரண்டு படி கீழே வைக்க வேண்டும். தாழ உட்கார்ந்தால் எழும்போது முட்டு படாத பாடு படும். தொடை முங்குகிற அளவு தண்ணீர் போதும். ஒரு காலை மெல்ல நீட்டி, மூன்று எண்ணி, மெல்ல மடக்கட்டும். காலுக்குப் பத்துத் தடவை. நீங்கள் ஒரு படி கீழே, ஆற்றுப் பக்கமாக நில்லுங்கள். மார்கழிக் காலையில் இது வேண்டாம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். சில்லிட்ட தசை இறுகிக்கொள்ளும். சிகிச்சைக்கென்றே கட்டிய குளங்களில் 33 முதல் 35 டிகிரி வரை வெதுவெதுப்பாக வைத்திருப்பார்கள்.

குற்றாலம் போய்விட்டு வருவதில் தப்பில்லை, முதுகும் தோளும் இளகும். ஆனால் அருவி மேலிருந்து அடிக்கிறது, கீழிருந்து தாங்குவதில்லை. முட்டின் பாரம் ஒரு கிலோகூடக் குறையாது; வழுக்குப் பாறையில் கூட்டத்தோடு நிற்கும் ஆபத்துதான் மிச்சம். மாமாவிடம் சொல்லிவிடுங்கள்.

அம்மாவுக்கு ஏற்றது நீச்சல் குளம். திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் விசாரியுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் உண்டா, நாலடி ஆழப் பகுதி இருக்கிறதா, இறங்கப் படிக்கட்டும் கைப்பிடியும் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். செங்குத்தான இரும்பு ஏணி மட்டும் இருந்தால் வேண்டாம். தெரிந்தவர் தோட்டத்தில் நெஞ்சளவுப் பம்ப்செட் தொட்டி இருந்தால் அதுவும் உதவும்: மோட்டாரை நிறுத்திவிட்டு, விளிம்பைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நடை போடலாம், காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்கலாம். கிணறு வேண்டவே வேண்டாம்.

முதல் வாரம் பத்து நிமிடம் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரை மணி வரை, வாரம் இரண்டு மூன்று நாள். நெஞ்செலும்பின் கீழ்முனை அளவுத் தண்ணீரில் சுவரோரமாக முன்னால் நடை, பின்னால் நடை, பக்கவாட்டு நடை. பின்னால் நடப்பதைத் தவிர்க்காதீர்கள், தொடைத் தசைக்கு அது நல்ல வேலை. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி கூடுதலாக இருந்தால் அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு இறங்கக்கூடாது, கால் வழுக்கும். பாவாடை ஊதி மேலே வரும், சேலை காலைப் பின்னும். ஒட்டினாற்போல் சுடிதார் பேன்ட்டும் பிடிப்புள்ள ரப்பர் செருப்பும் நல்லது. நீச்சல் தெரிய வேண்டியதில்லை, கைக்கெட்டும் தூரத்தில் நீங்கள் இருந்தால் போதும்.

வெளியே வரும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். தண்ணீரின் அழுத்தம் விலகியதும் ரத்தம் மறுபடி காலுக்கு இறங்கும், பி.பி. மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலை சுற்றலாம். இடுப்பளவில் இரண்டு நிமிடம் நின்று, படியேறி, உடனே உட்கார வையுங்கள். ஆறாத புண், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கட்டுக்குள் வராத வலிப்பு, படுத்தால் மூச்சு வாங்குவது, நடந்தால் நெஞ்சு வலிப்பது இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டர் சம்மதம் இல்லாமல் இறங்கவே கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் ஆற்றுப் படித்துறைப் பயிற்சியும் வேண்டாம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வையுங்கள். முட்டு, இடுப்புத் தேய்மானத்துக்கு நீர்ப் பயிற்சி தந்த 13 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2016 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் அமைப்பு) அறிக்கை, வலியும் முடக்கமும் சிறிதளவு, குறுகிய காலத்துக்குக் குறைவதாகச் சொல்கிறது. தேய்ந்த குருத்தெலும்பு வளராது. வலியில்லாமல் அசையக் கிடைக்கும் அந்த இடைவெளியில் தொடைத் தசையை வலுவாக்கிக்கொள்வதுதான் ஆதாயம். அதனால் தண்ணீர் இல்லாத நாட்களிலும் நாற்காலியில் உட்கார்ந்து கால் நீட்டும் பயிற்சி உண்டு. எடையும் குறைய வேண்டும்: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு எட்டிலும் முட்டின் பாரம் சுமார் நாலு கிலோ குறைவதாக அளந்திருக்கிறார்கள்.

இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் 30 விநாடியில் அம்மா எத்தனை தடவை எழுந்து உட்காருகிறார் என்று எண்ணி எழுதி வையுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். கூடியிருந்தால் இடுப்பளவுத் தண்ணீருக்கு வாருங்கள். முட்டு கொஞ்சம் கூடுதல் பாரத்தைத் தாங்கிப் பழகும். கூடவில்லை என்றாலும், இடையில் முட்டு சூடாகி வீங்கினாலும், பூட்டுப் போட்டதுபோல் மடக்க முடியாமல் நின்றாலும் எலும்பு டாக்டரிடம் திரும்பக் காட்டுங்கள்.